பேருக்கு மேல இருந்தது

லண்டனுக்கு வந்ததில எனக்கு ஒரே புளுகமும் சந்தோசமும். பேத்தி அபி இண்டைக்கு ஒரு பெரிய மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நிலம் முழுக்கக் கலர் கலராத் தைச்ச துணியள் விரிச்சிருக்கு, ஒவ்வொண்டும் ஒரு ஆள் படுக்கிற அளவு. சப்பாத்தையும் கழட்டச் சொல்லுகினம். கோயில் மடத்தில பந்திக்கு விரிச்ச மாதிரித்தான் எனக்குத் தெரியுது. காலும் உளையுது, ஒண்டில சப்பாணி கட்டி இருக்கிறன்.

"ஐயோ அம்மம்மா, எழும்புங்கோ! இதுகள் செத்த ஆக்களின்ர ஞாபகமாத் தைச்சது, நீங்கள் ஒராளின்ர பேருக்கு மேல இருக்கிறியள்!"

எழுத்து எனக்கெங்க தெரியும்? பதறி எழும்புறன். பக்கத்தில நிக்கிற வெள்ளைக்காரக் கிழவர் சிரிக்கிறார். அது தன்ர பார்ட்னரின்ர பேராம், அபி சொல்லுறாள்.

"என்ன கடை வைச்சிருந்தவை?" எண்டு கேக்கிறன். எங்கட ஆக்களுக்குப் பார்ட்னர் எண்டால் கடைதானே.

"கடையில்லை அம்மம்மா. ரெண்டு ஆம்பிளையளும் குடும்பமா இருந்தவை."

சரி, அதுக்கென்ன. துணியில செத்தவரின்ர சேட்டுப் பொக்கற் ஒண்டு தைச்சிருக்கு, குனிஞ்சு தடவுறன்.

"எயிட்ஸ் வந்த புதுசிலயே போயிட்டாராம். ஆஸ்பத்திரியில சாப்பாட்டைக்கூடக் கதவடியில வைச்சிட்டுப் போவினமாம்."

எயிட்ஸ் எண்ட சொல்லுக்கு என்ர கை தன்பாட்டில பின்னுக்கு வருது. சீலைத் தலைப்பில துடைச்சும் போடுறன். இத்தனை வருசத்துக்குப் பிறகு, வெறும் துணிக்கு! கிழவர் அதைப் பாத்திட்டார். வெக்கத்தில எனக்குத் தலை நிமிர்த்தேலாமல் கிடக்கு.

அவர் துணியைத் தட்டிக் காட்டி ஏதோ சொல்லுறார்.

"என்னவாம் பிள்ளை?"

"உங்களைத் திரும்ப அதில இருக்கட்டாம். கடைசி நாளில இவரைத் தவிர ஒருத்தரும் அவருக்குக் கிட்ட வந்து இருக்கேல்லையாம்."

இருக்கிறன். கையை எங்க வைக்கிறதெண்டுதான் தெரியேல்லை.