சாச்சி காய்ச்சும் கடற்பாசி

நோன்பு திறக்கக் கடற்பாசி காய்ச்சிக்கொண்டிருந்தேன். கடலோரக் களப்புச் சேறும் உப்பும் கலந்த அந்த வாடை எழுந்ததும் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. இன்றோடு என் பிரசவ விடுமுறை முடிகிறது. நாளை ஆய்வுகூட வேலைக்குத் திரும்ப வேண்டும். போவது சரியா என்று காலையிலிருந்து எனக்கே தெரியவில்லை.

சிறுவயதில் மாம்புரி வீட்டில் இந்த வாடை வந்தால் சாச்சி வந்துவிட்டார் என்று அர்த்தம். உம்மாவின் தங்கையான அவர் கொழும்பில் நுண்ணுயிரியல் பேராசிரியர். அங்கே கிருமி வளர்க்கத் தட்டுகளில் ஊற்றும் அதே பாசியை எங்களுக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சுவார். இறுகும்வரை யாரையும் கிட்டே விடமாட்டார்.

"மூடியத் திறக்காத மகள், காத்துல இருக்கிறதெல்லாம் குடியேறிடும்."

"புரபெசருக்கு எங்கட காத்தும் ஊத்தையாப் போச்சு," என்பார் உம்மா. சாச்சி குலுங்கிச் சிரிப்பார்.

விஞ்ஞானச் சங்கத்துக்குத் தலைவியான வருடம், பெருநாளுக்கு முன்பே அவர் கூட்டத்துக்குப் புறப்பட்டார். நான் அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் விரல்களைப் பிரித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினார். அதன் பிறகு எத்தனையோ பெருநாட்கள் அவரில்லாமலே வந்துபோயின.

அடுப்பை அணைத்துவிட்டு அவருக்கு அழைப்பெடுத்தேன்.

"சாச்சி, நாளைக்கு வேலைக்குப் போகட்டா? புள்ள அழுமே."

"அழும்தான். நீயும் அழுதாய்." என்றார் சாச்சி. "நான் பஸ் மதுரங்குளி தாண்டும் வரைக்கும் அழுதேன் மகள். வீங்கின கண்ணோடதான் கூட்டத்த நடத்தினேன்."