கண்டக்டரின் ராஜா

ஓய்வு பெற்றவர்கள் ஒரு நாற்காலியும் ஒரு செய்தித்தாளுமாக ஒதுங்கிவிடுவது வழக்கம். கண்டக்டர் அப்படி ஒதுங்குகிற ஆளில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு, கடற்கரைப் பக்கத்துக் கல்லறை மேட்டுக்குக் காவலாளியாகப் போய்ச் சேர்ந்தார். காக்கிச் சட்டையைக் கழற்றவில்லை. விசிலையும் விடவில்லை.

மேடு என்றால் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. வயல் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் புல் மூடிக் கிடக்கும் ஒரு திட்டு. பக்கவாட்டில் இடுப்புயரத்துக்கு ஒரு வாசல். குனிந்து நுழைந்து, கொஞ்ச தூரம் தவழ்ந்து போனால், பாறைகளை நிறுத்தி மேலே இன்னொரு பாறையை மூடியாகப் போட்ட சின்ன அறை. எழுத்தே தெரியாத காலத்து மனிதர்கள் கட்டியது. உள்ளே யாரை வைத்தோம் என்று எழுதிவைக்க அவர்களுக்கு வழியில்லாமல் போனது. அந்தக் குறையைக் கண்டக்டர் தீர்த்துவைத்தார்.

"உள்ள இருந்தது ராஜாங்க. கடலுக்கே ராஜா. அந்தக் காலத்துலயே கப்பல் வச்சிருந்தாரு."

வேலைக்குச் சேர்ந்த வருடம் ராஜாவிடம் ஒரு கப்பல்தான் இருந்தது. வர வர அது பெரிய படையாகிவிட்டது. இப்படி வாய் கூசாமல் கதை அளக்கிறாரே என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அவரே அதை முழுசாக நம்பினார். ஒரு ராஜாவுக்குக் காவல் இருக்கிற மனிதரின் நடையே வேறு, கவனித்தீர்களானால் தெரியும்.

ஒரு தடவைக்கு ஐந்தாறு பேருக்கு மேல் உள்ளே விடக்கூடாது என்று தொல்பொருள் துறை போர்டு வைத்திருந்தது. கண்டக்டர் போர்டைப் பார்த்து ஆள் ஏற்றியவரா? "உள்ள போங்க, இன்னும் உள்ள போங்க, ராஜா பக்கத்துல இடம் சும்மாதானே கிடக்கு" என்று திணித்துவிட்டு ஒரு விசில் அடிப்பார். "என் சர்வீஸ்ல யாரையும் இடமில்லன்னு சொல்லி விட்டுட்டுப் போனதில்ல" என்பது அவருடைய பெருமை.

ஒரே ஒரு ஆளை விட்டுவிட்டுத்தான் போயிருந்தார். அவர் மனைவியை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தம்மா கேட்டிருக்கிறார். "நானும் ஒரு தடவை உள்ள போய்ப் பாக்கட்டுமா?"

"இன்னிக்கு வெளியூர்க் கூட்டம். நீ எங்க ஓடிடப் போற, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

அந்த இன்னொரு நாள் வருவதற்குள் அந்தம்மாவின் முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. குடியிருப்பதோ மாடி வீடு. செங்குத்தான படி, குளியலறை கீழே. இறங்கும்போது நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். ஏறும்போது அதே படியில் இன்னொரு தடவை. அப்படியும் மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு மேட்டு வாசல் வரை நடந்துவிடுவார். கண்டக்டர் சாப்பிட்டுக்கொண்டே காலையில் வந்தவர்கள் எப்படி வாயைப் பிளந்தார்கள் என்று சொல்லுவார். அந்தம்மா முட்டியை நீவிக்கொண்டே கேட்பார்.

நகரத்தில் இருக்கும் மகள் போனில் கெஞ்சாத வாரமில்லை. "லிப்ட் இருக்கற வீடுப்பா. அம்மாவுக்காகவாவது வந்துடுங்க."

"நான் வந்துட்டா ராஜாவை யாரு பாத்துக்குவா?"

"இத்தனை காலமும் அவர் உங்களைக் கேட்டுக்கிட்டா படுத்திருந்தாரு?" என்று பக்கத்திலிருந்து அந்தம்மா கேட்பார். கண்டக்டருக்கு அந்த நேரம் பார்த்துக் காது மந்தமாகிவிடும்.

அப்படியிருக்க, ஒரு மத்தியானம் துறையிலிருந்து ஜீப்பில் ஒரு பெண் அதிகாரி வந்து இறங்கினார். பின்னால் இரண்டு பேர் புதுப் போர்டைத் தூக்கி வந்தார்கள். கண்டக்டர் அப்போதுதான் கேரியரைத் திறந்திருந்தார். அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டிருந்தார்.

"இங்க கிடைச்ச பழைய எலும்பெல்லாம் சோதனைக்குப் போச்சே, முடிவு வந்துடுச்சுங்க" என்றார் அதிகாரி.

"ராஜாதானே?"

"இல்லைங்க, ஒரு அம்மா. வயசானவங்க. ரெண்டு முட்டியும் அப்படியே தேஞ்சு போயிருக்கு."

கண்டக்டர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப ராணியா இருக்கும்" என்று ஒரு படி இறங்கி வந்தார்.

"ராணின்னு சொல்ல நகை நட்டு எதுவும் கிடைக்கல. ஆனா ஒண்ணுங்க. அந்த முட்டியோட அவங்களால தனியா நடமாடியிருக்கவே முடியாது. ரொம்ப வருஷம் யாரோ தாங்கிப் பிடிச்சுப் பாத்துக்கிட்டிருக்காங்க. போனதுக்கப்புறம் இவ்வளவு கல்லையும் இழுத்து வந்து வச்சிருக்காங்க. இனிமே ராஜான்னு சொல்லிடாதீங்க, என்ன?"

போர்டை நட்டுவிட்டு ஜீப் போய்விட்டது. கண்டக்டர் கேரியரை மூடிவைத்தார். மனைவி பக்கம் திரும்பவும் தைரியமில்லை. நீவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது.

அந்த நேரத்தில்தானா ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்க வேண்டும்? கண்டக்டர் கை கழுவிவிட்டு எழுந்து பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார். "உள்ள இருந்தது..." அதோடு வாய் அடைத்துவிட்டது. பஸ்ஸிலும் மேட்டிலும் மூடாத வாய்.

திரும்பிப் பார்த்தால், அந்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் குனிந்துகொண்டிருந்தார்.

"ஏய், என்ன பண்றே? முட்டி என்னத்துக்காகும்?"

"இடம் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவாக வெட்கப்பட்டுப் பழகாதவர், அதனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. காக்கிச் சட்டையைக் கழற்றினார். நாலாக மடித்து அந்தம்மாவின் முட்டிக்குக் கீழே போட்டார். தான் முந்திக்கொண்டு உள்ளே நுழைந்து, அவர் ஒரு அடி நகர நகரச் சட்டையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டே பின்பக்கமாகத் தவழ்ந்தார். அந்தச் சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்தால் வீட்டில் எத்தனை ரகளை நடந்திருக்கிறது என்று அந்தம்மாவுக்குத்தான் தெரியும்.

அறைக்குள் போனதும் அந்தம்மா பாறையில் சாய்ந்து காலை மெல்ல நீட்டிக்கொண்டார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்.

"குளுகுளுன்னு இருக்கு. படியும் இல்ல. ஊருக்கெல்லாம் காட்டியிருக்கீங்க."

கண்டக்டர் சட்டையை மறுபடி மடித்து அவர் முட்டிக்கு அடியில் செருகினார்.

"நீங்க வெளிய போங்க. நான் கொஞ்ச நேரம் அந்தம்மாகூட இருந்துட்டு வரேன்."

பனியனோடு வெளியே வந்தார். வேன் கூட்டம் வரிசையில் நின்று ஒரு மாதிரியாகப் பார்த்தது. அவர் யாரையும் கண்டுகொள்ளாமல் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"அந்த லிப்ட் வீடு இன்னும் இருக்காம்மா?"

"இருக்குப்பா. ஏன், ராஜா விட்டுட்டாரா?"

"ராஜாவாவது ஒண்ணாவது. அம்மாவைக் கூட்டிக்கிட்டு வரேன். கீழ் மாடியா பாரு, லிப்ட் நின்னாலும் கஷ்டமில்லாம இருக்கணும்."

போனை வைத்ததும் வரிசையில் முன்னால் நின்றவர் பொறுமை இழந்து ஒரு அடி எடுத்து வைத்தார். "நாங்க போகலாமா? உள்ள எத்தனை பேரு இருக்காங்க?"

"ஒருத்தர்."

"ஒருத்தர்தானே, நாங்க அப்படி ஓரமா..."

கண்டக்டர் வாசலுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார்.

"இடமில்லைங்க" என்றார்.