பள்ளிக்கூட முற்றத்தில் நான்கு வெள்ளைக் கற்கள்

மதிப்புக்குரிய அம்மணி அவர்களுக்கும், தங்களுக்குப் பின் இவ்வகுப்பறைக்கு வரக்கூடிய ஐயா, அம்மணி எவருக்கும்,

நேற்று முன்தினம் தங்கள் மாணவி ஒருத்தி, பாடசாலைக்கும் என் வீட்டுக்கும் நடுவிலுள்ள கல்மதிலின் மேலாக என்னை அழைத்தாள்.

"சேர், புது ரீச்சர் கேக்கிறா, முத்தத்தில கிடக்கிற நாலு கல்லும் என்னத்துக்கு எண்டு. காலில தட்டுப்படுதாம். எடுக்கப் போறாவாம்."

"நீ என்ன சொன்னனி?"

"சேரைக் கேட்டு வந்து சொல்லுறன் எண்டனான்."

மதிலருகே நின்று இரண்டு சொற்களில் சொல்லக்கூடிய விடயமன்று அது. ஆகையால் எழுதுகிறேன்.

நான் பயிற்றப்பட்ட ஆசிரியன் அல்லன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நெடுந்தீவில் சைக்கிளில் தபால் விநியோகித்தவன். நான் கற்றவை, பழைய பத்திரிகைகளிலிருந்தும், உரியவர் ஊரைவிட்டுப் போனபின் எவரும் கேட்டு வராமற் கிடந்த சஞ்சிகைகளிலிருந்தும் கற்றவையே. என் மனைவி காலமாகி ஆறு ஆண்டுகளாகின்றன. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் வாழ்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசித் திரையில் அவர்களைக் காண்பேன். பேரப்பிள்ளைகள் ஒருமுறை கையசைத்துவிட்டு ஓடிவிடுவர். வீட்டில் உட்கார நான்கு கதிரைகள் உள்ளன. அவற்றில் மூன்றைத் துடைப்பதற்கு மட்டுமே தொடுகிறேன்.

பாடசாலையின் ஆசிரியர்கள் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து காலைப் படகில் வருபவர்கள். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, ஆசிரியரும் இல்லை. மதிலுக்கு இப்பால் வசிப்பவன் என்பதால் கதவுப் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. வாடைக்காலத்தின் ஒரு காலையில் பாடசாலையின் தலைமையாசிரியையான அதிபர் அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, இண்டைக்குப் படகு விடேல்லை. கதவைத் திறந்து பிள்ளையளை இருத்தி வைப்பியளோ?"

"ஓம். என்ன படிப்பிக்க?"

"ஒண்டும் படிப்பிக்க வேண்டாம். விழாமல் பாத்தால் காணும்."

ஒன்பது பிள்ளைகள். மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்புகள் ஒரே அறையில். அன்று மதியம் வீடு திரும்பியபோது என் தொண்டை கரகரத்தது. அதற்கு முன் எவ்வளவு காலம் பேசாமல் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

அதன்பின் ஓர் ஆசிரியை மாற்றலாகிப் போனார். அவருக்குப் பதிலாக எவரும் வரவில்லை. அதிபர் அம்மா அனுமதி பெற்று என்னைத் தொண்டர் ஆசிரியராக அமர்த்தினார். நான் சட்டையை மினுக்கி அணிந்துகொண்டு மதிலைச் சுற்றிப் படலை வழியாகவே பாடசாலைக்குச் செல்வேன். மதிலைத் தாண்டிக் குதிப்பது ஆசிரியருக்கு அழகன்று என எண்ணினேன்.

எனக்குக் கற்பித்தல் முறைகள் தெரியாது. கையில் அகப்பட்டதைக் கொண்டு கற்பித்தேன். ஒரு பிள்ளையைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி, அவன் கையில் ஒரு பொருளைக் கொடுப்பேன். அதன் பெயரைச் சொல்லாமல் அவன் விவரிக்க வேண்டும். ஏனையோர் கேட்டபடி வரைய வேண்டும். முதல் நாள் நான் கொடுத்தது ஒரு சைக்கிள் மணி. "உருண்டையா இருக்கு, சத்தம் போடும்" என்றான். உள்ளே எட்டுப் பேர் எட்டுத் தலைகளை வரைந்திருந்தார்கள். அவற்றுள் ஒன்று என் தலை. ஒரு மாதத்தில் அதே பிள்ளை, "மேல் பாதி கவிட்டு வச்ச தேங்காய்ச் சிரட்டை மாதிரி, ஓரத்தில பெருவிரலால தட்டிற நாக்கு ஒண்டு இருக்கு" என்று சொல்லப் பழகினான். சொற்களைத் தேடி எடுக்க வேண்டிய தேவையை ஏற்படுத்தினால், பிள்ளைகள் தாமாகவே தேடுகிறார்கள் என்பதை அங்கே கண்டேன். மீன்வலைத் துண்டை விரித்து அதன் கண்களை எண்ணிப் பெருக்கல் கற்பித்ததும் பயன்பட்டது. தபால் முத்திரைகளை வைத்து நாடுகளைக் கற்பிக்க முயன்றது பயன்படவில்லை; முத்திரைகள் இரண்டு நாட்களில் பிள்ளைகளின் சட்டைப்பைகளுக்குள் போய்விட்டன.

இனி, கற்களின் காரணத்துக்கு வருகிறேன்.

திசைகளைக் கற்பிக்க வேண்டியிருந்தது. தபால்காரனுக்குத் திசை கால்களில் இருக்கிறது. மரங்கள் குறைந்த தட்டையான தீவு இது. வடக்கிலிருந்து காற்று வீசும் வாடைக்காலத்தில் எந்தப் பக்கம் சைக்கிள் மிதிக்கும்போது நெஞ்சு இறுகுகிறதோ அந்தப் பக்கம் வடக்கு. முப்பது ஆண்டுகள் நான் அப்படியே அறிந்திருந்தேன். கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளும் வீட்டில் திசையைக் காற்றின் பெயராலேயே கேட்டு வளர்ந்தவர்கள். ஆகையால், வாடை வீசிக்கொண்டிருந்த அந்நாட்களில் முற்றத்தில் ஒரு தடியை நட்டு, அதன் நுனியில் சிவப்புத் துணித்துண்டொன்றைக் கட்டினேன். துணியின் வால் பறக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வடக்கு என்றேன். பிள்ளைகள் காற்றுக்கு முகம் கொடுத்து ஓடி, "வடக்கு, வடக்கு" என்று கத்தினார்கள். அது நான் நடத்திய பாடங்களிலேயே சிறந்ததென அன்று மனத்துள் பெருமைப்பட்டேன். இரவுணவின்போது, முன்னாலிருந்த வெற்றுக் கதிரைக்கு அதை விவரித்துமிருக்கிறேன்.

ஆண்டு நடுவில் தவணைப் பரீட்சை வந்தது. அன்று கல்வி அலுவலர் ஒருவரும் வந்திருந்தார். பாடசாலை முற்றத்தின் படத்தை வரைந்து வடக்கை அம்புக்குறியால் காட்டுமாறு ஒரு வினா. விடைத்தாள்களைப் புரட்டிய அலுவலர் என்னை அழைத்தார்.

"ஐயா, எட்டுப் பிள்ளையள் தெற்கை வடக்கெண்டு போட்டிருக்கினம். எட்டும் ஒரே பிழை. நீங்கள் சொல்லிக் குடுத்தனீங்களோ?"

"இல்லை. பரீட்சையில நான் வாய் திறக்கேல்லை."

"அப்ப பாத்தெழுதி இருக்கினம்."

முன்வரிசை வாங்கிலிருந்த பையன் எழுந்தான். "நாங்கள் ஒருத்தரையும் பாக்கேல்லை சேர். துணியைத்தான் பாத்தனாங்கள்."

"எந்தத் துணி?"

அவன் யன்னலைக் காட்டினான். வெளியே சோழகம் பலமாக வீசிக்கொண்டிருந்தது. தெற்கிலிருந்து வரும் காற்றில் என் சிவப்புத் துணி வடக்கு நோக்கிப் பறந்தது. பிள்ளைகள் நான் கற்பித்தபடியே, வாலுக்கு எதிர்ப்பக்கம் அம்பை வரைந்திருந்தார்கள். காற்று மாறினால் வடக்கும் மாறும் என்று நான் கற்பித்திருக்கிறேன். அத்தனை மாதங்களில் அது எனக்குத் தோன்றவேயில்லை.

ஒரே ஒரு சிறுமியின் விடை சரியாக இருந்தது. அவள் அலுமாரிக்குப் பின்னால் அமர்ந்திருந்தபடியால் யன்னல் அவளுக்குத் தெரியவில்லை. வாடைக்காலத்தில் முற்றத்தின் எந்தப் பக்கம் ஓடினாளோ அதை நினைவிலிருந்து வரைந்திருந்தாள்.

"உனக்குத் துணி தெரியாமத்தான் சரியா வந்தது" என்றான் முன்வாங்குப் பையன்.

"உனக்குத் தெரிஞ்சும் பிழைச்சதுதானே" என்றாள் அவள்.

அலுவலர் சிரித்துவிட்டார். அவர் கடுமையான மனிதர் அல்லர். போகும்போது என் கையைப் பிடித்து, "ஐயா, உங்கட மனசு விளங்குது. ஆனா பயிற்றப்பட்ட ஆள் ஒருத்தர் வரத்தான் வேணும்" என்றார். அடுத்த தவணைக்குப் புதிய ஆசிரியை நியமிக்கப்படுவார் என்று அந்த வாரமே அதிபர் அம்மா தெரிவித்தார். அதில் தவறெதுவும் இல்லையென்று அவரிடம் சொன்னேன். அதையே எனக்கும் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு எஞ்சியிருந்தவை எட்டுப் பாடசாலை நாட்கள். பிள்ளைகளின் தலையில் நான் ஏற்றிய பிழையை அங்கேயே விட்டுச் செல்ல மனம் ஒப்பவில்லை. அதிபர் அம்மாவின் கைத்தொலைபேசியிலிருந்த திசைகாட்டியை இரவல் பெற்று, முற்றத்தில் நான்கு திசைகளிலும் நான்கு கற்களைப் பாதியளவு புதைத்தேன். கோயில் மதிலுக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பை அவற்றுக்குப் பூசினேன். திசைகாட்டி காட்டிய வடக்கு, என் கால்கள் அறிந்த வடக்கிலிருந்து சற்று விலகியே இருந்தது. வடக்குக் கல்லை அது காட்டிய இடத்திலேயே வைத்தேன்.

பின்னர் துணித்தடியை நான்கு கற்களுக்கும் நடுவில் நட்டேன். ஒவ்வொரு காலையும் பிள்ளைகள் முதலில் வடக்குக் கல்லில் கை வைக்க வேண்டும். அதன்பிறகே துணியைப் பார்த்து, காற்று எந்தக் கல்லின் பக்கமிருந்து வருகிறதென்று கொப்பியில் எழுத வேண்டும். முதலில் கல், பிறகு காற்று. இந்த ஒழுங்கை நான் தொடக்கத்திலேயே கடைப்பிடித்திருக்க வேண்டும்.

கடைசி நாள் காற்று ஓய்ந்து துணி தொங்கிவிட்டது. "இப்ப வடக்கு எங்கை?" என்று கேட்டேன். ஒன்பது பேரும் ஓடிச்சென்று ஒரே கல்லின் மேல் ஒருவரையொருவர் தள்ளியபடி கை வைத்தார்கள். முன்வாங்குப் பையன் திரும்பி, "சேர், அடுத்த தவணையும் வருவியள்தானே?" என்றான்.

"ஏலாது தம்பி. உங்களுக்கு நல்ல ரீச்சர் ஒராள் வரப்போறா."

"அப்ப நீங்கள் என்ன செய்வியள்?"

மணி அடித்தது.

இப்போது காலைகளில் மதிலுக்கு இப்பால் இருந்து தங்கள் குரலைக் கேட்கிறேன். தாங்கள் பாட்டோடு கணக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். அது எனக்குத் தோன்றாத முறை, நன்றாக இருக்கிறது. பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் வீட்டோரத் தெரு அமைதியாகிவிடுகிறது. அப்போது நான் கதிரையைக் குசினி வாசலில் போட்டு அமர்ந்திருப்பேன். அங்கிருந்து பார்த்தால் மதிலின் இடுக்கினூடே கிழக்குக் கல் மட்டும் தெரியும்.

அம்மணி, கற்கள் பிள்ளைகளின் காலில் தட்டுப்படுமாயின் எடுத்துவிடுங்கள். எனக்கு அதில் மனவருத்தம் இல்லையென்று எழுதினால் அது பொய்யாகும். ஆயினும் விழுந்து காயப்படும் பிள்ளைக்கு முன் அது பெரிதன்று. எடுப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை, காற்று மாறும் நாளொன்றில், பிள்ளைகளை அவற்றின் நடுவில் நிறுத்திப் பாருங்கள்.

இக்கடிதத்தை வகுப்பறை அலுமாரியில், வரவுப் பதிவேடுகளுக்குக் கீழே வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.