பால்மாப் பேணிக்குள் வேலை

துறைமுகத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கிளாக்கராக இருக்கிறேன். நாட்கூலிக்காரருக்கு வேலை பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. சிமெந்துக் கப்பலுக்குப் பன்னிரண்டு பேர் போதும். வாசலில் இருபது பேர் நிற்பார்கள். முன்பு மேற்பார்வையாளர் கைகாட்டியவருக்கே வேலை. அது அநியாயம் என்று நான்தான் பால்மாப் பேணி முறையைக் கொண்டுவந்தேன். வெறும் தகர டப்பாவான அந்தப் பேணிக்குள் இருபது கடதாசித் துண்டுகள், பன்னிரண்டில் குறி. குறியிட்ட துண்டை எடுத்தவருக்கு வேலை, வெற்றுத் துண்டென்றால் இல்லை.

அவர்களில் லிங்கநகர்க்காரர் ஒருவர், மூடை அடுக்குவதில் கெட்டிக்காரர். வெற்றுத் துண்டு வந்தால் வீட்டுக்குப் போகமாட்டார். எதிர்த் தேநீர்க்கடையில் இருந்து போனில் கிரிக்கெட் பந்தயம் கட்டுவார். அந்தப் பழக்கம் போனால்தான் திரும்பி வருவேன் என்று அவருடைய மனைவி மகளுடன் நிலாவெளியில் தாய் வீட்டுக்குப் போய்விட்டார்.

"ஏன் விட ஏலாமக் கிடக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காலமை உங்கட பேணிக்குள்ள கை விட்டா நெஞ்சு அடிக்கும் அண்ணை. வெறுந்துண்டு வந்தாலும் அந்த அடி நிக்காது, இன்னொருக்கா எடு எண்டு சொல்லும். நீங்கள் ரெண்டாந்தரம் விடமாட்டீங்கள். போன் விடும்."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "அப்ப சூதுக்கடை முதலாளி கிளாக்கர்தான்!"

பகிடிதான். ஆனாலும் அன்று மாலை நாட்குறிப்பைப் புரட்டி, தேநீர்க்கடைக்காரரிடமும் விசாரித்துப் பார்த்தேன். கப்பலே வராத நாட்களில் அவர் அதே கடையில் கதைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். போன் சட்டைப் பையிலேயே. பந்தயம் கட்டியதெல்லாம் பேணி குலுக்கிய நாட்களில். வேலை இல்லாததால் அல்ல, வேலை வருமா வராதா என்பதால்தானோ?

மறுவாரம் பேணியை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, யாருக்கு எப்போது வேலை, யாருக்கு எப்போது ஓய்வு என்று முறைப்பட்டியல் ஒட்டினேன். முதல் இரண்டு வாரத்தில் அவர் நான்கு தடவை பந்தயம் கட்டினார். மூன்றாம் வாரம் பட்டியலில் விரல் வைத்துக்கொண்டு கேட்டார்:

"நாளைக்கு எனக்கு இல்லைத்தானே? வடிவாத் தெரியுமோ?"

"ஓம், நாளண்டைக்குத்தான்."

"அப்ப நிலாவெளிக்குப் போயிட்டு வாறன். போன் உங்களிட்ட நிக்கட்டும்."

வேலைக்குத் திரும்பியபோது தனியாகத்தான் வந்தார்.

"என்ன சொன்னவ?"

"இந்த மாசம் இன்னும் எத்தினை நாள் ஓய்வு கிடக்கெண்டு கேட்டவ. அவ்வளவுக்கும் போனில்லாம வரட்டாம், பிறகு பாப்பமாம்."

அலுமாரியைத் திறந்து பேணியை எடுத்தார். அதிலிருந்த வெற்றுத் துண்டு ஒன்றில் பட்டியலைப் பார்த்து அந்த மாதத்து ஓய்வு நாட்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.