மோகனப்ரியாவுக்கு ரத்தம் இல்லை என்று சொன்னவள்

என் மனைவி பிரேமலதாவுக்குக் கல்யாணம் என்றால் உயிர். தூரத்துச் சொந்தமா, பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தவர்களா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். பத்திரிகை கைக்கு வந்தால் போதும், முதல் பந்தியில் அவள் இலை இருக்கும். அப்படிப்பட்டவள், மோகனப்ரியாவின் கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்த அன்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள். காலையில் துவைத்துக் காயப்போட்ட துணியைத்தான் மறுபடியும் துவைத்தாள்.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பக்கத்தில் இருப்பவர் எதையாவது மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோம். அவள் ஊரில் எந்த வீட்டு மாடு முட்டும் என்பது வரை எனக்கு அத்துப்படி. மோகனப்ரியா என்ற பெயரை மட்டும் அவள் வாயால் கேட்டதே இல்லை.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணே போன் செய்தாள். பிரேமா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரைப் போட்டாள். என் அதிர்ஷ்டம்.

"பிரேமா, நீ கண்டிப்பா வரணும்டி. தாலி கட்றதுக்கு முன்ன உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்."

"இன்னாடி கேக்கணும்?"

"நேர்ல கேக்கறேன். வருவ இல்ல?"

பிரேமா சோப்புக் கையோடு நின்றாள். "வரேன்" என்று அவள் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் லோகேஸ்வரன், அரக்கோணத்துக்காரன். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வாடகை வீடு சத்தியவேட்டில். பிரேமா ஆந்திராவில் விஜயபுரம் பக்கத்து எல்லைக் கிராமத்தில் பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. இரண்டு மொழியும் தெரியும் என்பதால் எங்கள் தெருவில் யாருக்கு ஃபாரம் நிரப்ப வேண்டுமென்றாலும் இவளிடம்தான் வருவார்கள். எல்லாருக்கும் முகம் கோணாமல் எழுதிக் கொடுப்பாள். ஆனால் வாசலில் யாராவது பேனாவும் நோட்டுமாக வந்து நின்றால் மட்டும் ஆளே மாறிவிடுவாள். "நீங்க யாரு? எந்த ஆபீஸு? கார்டு காட்டுங்க" என்று கேட்காமல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். கரண்ட் ரீடிங் எடுக்க வருபவர் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அடையாள அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துவிடுவார். ஏன் இப்படி என்று பல முறை கேட்டிருக்கிறேன். பதில் வந்ததில்லை.

கல்யாணம் திருப்பதியில். முகூர்த்தம் காலை பத்தே முக்காலுக்கு. விடிந்ததும் பைக்கில் கிளம்பினோம். வழியெல்லாம் நச்சரித்தேன். நாராயணவனத்தில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் அவள் வாயைத் திறந்தாள், அதுவும் டீயைப் பார்த்துக்கொண்டு.

"நான்தாங்க அவ கல்யாணத்த கெடுத்தேன்."

எனக்குப் பகீரென்றது. "இந்தக் கல்யாணத்தையா?"

"அய்ய, பதினோரு வருஷத்துக்கு முன்ன நடக்க இருந்தத."

இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே வகுப்பு. மோகனப்ரியாவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பிடித்துப்போனால், நிச்சயம் செய்வதற்கு முன் மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். யார், எதற்கு என்று சொல்லாமல் அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுத்து விசாரிப்பார்கள். வந்தவர்கள் பிரேமாவின் வாசலில் நின்று மோகனப்ரியா வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். தெலுங்குப் பேச்சு, கையில் டைரி, சட்டைப் பையில் பேனா. அது வாரத்துக்கு ஒரு சர்வே வந்துகொண்டிருந்த காலம். மோகனப்ரியாவின் அப்பா அரசு தரும் இலவச வீட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். இவர்களையும் சர்வே ஆட்கள் என்றே நினைத்த இவள் என்ன செய்தாள்? சர்வே ஆட்களிடம் அந்த ஊரே சொல்வதைச் சொன்னாள். பேனா எடுத்தவன் முன்னால் அங்கே எவனும் பணக்காரன் இல்லை. கொஞ்சம் வசதி என்று வாய் தவறிச் சொன்னால் தெல்ல கார்டு, அதாவது ஏழைகளுக்கான வெள்ளை ரேஷன் கார்டு, பறிபோய்விடும் என்ற பயம்.

"இன்னா சொன்ன?"

"நெலம் கிடையாதுன்னேன். வீடு ஒழுவுதுன்னேன். அவங்க நைனாவுக்கு கை நடுங்குது, வேலைக்குப் போறதில்லன்னேன்."

"அவ்ளோதானா?"

"பொண்ணு எப்படின்னு கேட்டாங்க. ஒடம்புல ரத்தமே இல்ல, அடிக்கடி மயக்கம் போட்டு வுழுந்துடுவான்னேன்."

சிரிப்பை அடக்க டீயை வேகமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அந்த அப்பா இரண்டு ஏக்கர் வேர்க்கடலையைத் தனியாளாகப் பார்த்தவராம். மகள் முழு மூட்டையைத் தலையில் தூக்கி வருபவளாம். தோழிக்கு உதவி செய்த பெருமையோடு இவள் அன்று தூங்கியிருக்கிறாள். மறுநாள் பஸ் நிறுத்தத்தில் அதே இரண்டு பேர் கல்யாணத் தரகர் ரங்கையாவோடு நிற்பதைப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. 'சரிப்பட்டு வராது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. பிரேமா யாரிடமும் மூச்சு விடவில்லை. நாலு மாதத்தில் என்னைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டு வந்தவள், அதன்பின் தோழியின் முகத்தில் விழிக்கவே இல்லை.

"அவளுக்குத் தெரிஞ்சி போச்சி. அதத்தான் கேக்கப் போறா" என்றாள். "இவ்ளோ வருஷம் அவளுக்கு எதுவும் அமையல. எல்லாம் என்னாலதான்."

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று அவளே வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

மண்டபத்தில் மணப்பெண் அறையின் கதவைத் திறந்ததும் மோகனப்ரியா எழுந்து ஓடி வந்து இவளைக் கட்டிக்கொண்டாள். தலைப்பூ நசுங்கியது. அலங்காரம் செய்த பெண் தெலுங்கில் திட்டிக்கொண்டே வேறு பூ எடுத்து வரப் போனாள். நான் நாகரிகமாக வெளியே போயிருக்க வேண்டும். "அண்ணா, உக்காருங்க" என்று மணப்பெண் சொன்னதைச் சாக்காக வைத்து மூலையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். மாப்பிள்ளை முரளிதரன், தெலுங்குக்காரர், அதே தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். இதையெல்லாம் மளமளவென்று சொல்லிவிட்டு, பிரேமாவின் கையைப் பிடித்தபடி குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த மொத மாப்ள ஊட்டுக்காரங்க உங்க ஊட்டுக்கும் வந்தாங்க இல்ல? என்னப் பத்தி இன்னா கொற சொன்னாங்க?"

பிரேமா திகைத்தாள்.

"அந்தப் பையன் ஒரே ஒரு தபா போன் பண்ணான். நல்லா பேசினான். நானும் சிரிச்சி சிரிச்சி பேசினேன். மறு வாரமே வேணாம்னுட்டாங்க. வாய் ஜாஸ்தின்னு நெனச்சிட்டாங்களோ? அதுலருந்து யார் பொண்ணு பாக்க வந்தாலும் தலையத் தூக்க மாட்டேன். ஊமைன்னு நெனச்சி ரெண்டு பேர் போனாங்க. இவர்கிட்டகூட இன்னும் வாய் விட்டு சிரிச்சதில்ல. இன்னா தப்பு பண்ணேன்னு தெரிஞ்சா, இவர்கிட்ட அதப் பண்ணாம இருப்பேன்ல?"

அவளுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. அவர்கள் ஏதோ சொன்னார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு பிரேமா தப்பித்திருக்கலாம். எனக்கே அந்த நேரத்தில் நாலு பொய் தோன்றியது. பிரேமா தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வீடு ஒழுகியதை, அப்பாவின் கை நடுங்கியதை, ரத்தம் இல்லாததை, ஒன்று விடாமல்.

மோகனப்ரியா பிடித்திருந்த கையை விட்டாள். "அப்போ நான் சிரிச்சது..."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லடி."

மோகனப்ரியாவின் கண்ணில் மை கரைந்து வழிந்தது. "வெளிய போ" என்றாள். இரண்டு பேரும் வெளியே வந்தோம். பிரேமா பந்தி பக்கமே திரும்பவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் பசிக்கவில்லை, அது எனக்கு அபூர்வம்.

தெலுங்கு முறைப்படி சீரகமும் வெல்லமும் அரைத்து ஒருவர் தலையில் ஒருவர் வைத்தார்கள். முரளிதரன் தாலி கட்டினார். அட்சதை போட வரிசை நகர்ந்தபோது பிரேமாவை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். போகாவிட்டால் இன்னொரு பதினோரு வருஷம் என்று எனக்குப் பட்டது.

மேடையில் மோகனப்ரியா இவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பி, எனக்குப் பாதி புரியும் தெலுங்கில் கடகடவென்று எதையோ சொன்னாள். டைரி ஆட்கள், வெள்ளைக் கார்டு, நடுங்கும் கை. 'ரத்தம் இல்லை' என்ற இடத்துக்கு வந்தபோது அவளால் முடியவில்லை. மைக்செட்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்த கை மேலே போனது, பாதியில் நின்றது. முரளிதரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரும் சிரித்தார். ரத்தம் எடுப்பதே வேலையாக இருப்பவளுக்கு ரத்தம் இல்லையா என்று அவர் தெலுங்கில் கேட்டது எனக்கு முழுசாகப் புரிந்தது.

பிரேமா சிரிக்கவா அழவா என்று தெரியாமல் கையைக் கூப்பினாள். "மன்னிச்சிடுடி."

"மாட்டேன்" என்றாள் மோகனப்ரியா. சிரிப்பு போய்விட்டிருந்தது. "சாதாரண விஷயமாடி இது? அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதிருப்பேன். பதினோரு வருஷம் என் தப்புன்னே நெனச்சிக்கினு இருந்தேன். உன்ன ஒரே நாள்ல திட்டி முடிக்க முடியாது. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கினு போ. இப்ப போய் துன்னு மொதல்ல."

இரண்டாவது பந்தியில் பிரேமா இரண்டு முறை சாம்பார் சாதம் வாங்கினாள்.

அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்கே தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வண்டிப் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டு வாங்கப் போகிற ஒருத்தி இத்தனை அவசரமாகக் கிளம்பி நான் பார்த்ததில்லை.