வாடை வரும் நாட்களில் அம்மா

எர்ணாவூர்க் காற்றில் இன்று காலை மறுபடி அந்தக் கம்பெனியின் விஷவாயு வாடை கண்ணைக் கரித்ததும், கன்டெய்னர் யார்டாகிவிட்ட எங்கள் பழைய பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே ஆயாவாக இருந்த அம்மா, வாடை வந்தாலே வாளித் தண்ணீரோடு வகுப்பு வகுப்பாக ஓடி, பிள்ளைகளின் கைக்குட்டைகளை நனைத்து மூக்கில் கட்டிவிடுவாள். கடைசி வகுப்பறையிலிருந்த நான், வராந்தாவில் அவள் இருமல் நெருங்குகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டும், அது நின்றுவிட்டால் விழுந்துவிட்டாளோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டும் உட்கார்ந்திருப்பேன்.

"உனக்குத் துணி எங்கம்மா?" என்பேன்.

"எனக்கு இன்னாத்துக்குடா? நான் மூக்க வூட்லயே வச்சிட்டு வந்துகீறேன்!"

வகுப்பே சிரிக்கும். பின்னாளில் அந்த இருமலே அவளைக் கொண்டுபோனது. அப்பா இன்னமும் அந்தச் சத்தம் கேட்டதாக எழுந்து உட்காருகிறார்.

இன்று என் மகளுக்குத் துணியை நனைத்துக் கட்டினேன். "உனக்கு எங்க நைனா?" என்றாள். அம்மாவின் பதில் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, இன்னொரு துணியை நனைத்தேன்.