சுண்ணாம்புப் புள்ளிகள்

நான் பாடம் நடத்தும் தொழிற்கல்லூரிப் பட்டறையில் மண்ணெண்ணெய்த் துணியைக் கையில் எடுத்தாலே, கோலா சிலாங்கூர்ப் பக்கம் இன்று செம்பனைக் காடாகிவிட்ட எங்கள் ரப்பர் தோட்டத்தின் தகரக் கொட்டகையும், புளித்த பால் வாடையும், அவசரகால முள்வேலியும் வந்து நிற்கின்றன. கூடவே என்மீதே எனக்கு எரிச்சலும்.

அப்பா தோட்டத்து மெக்கானிக். எந்த இன்ஜினைப் பிரித்தாலும், அம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்பால் பற்சக்கரங்கள் சேரும் இடத்தில் முதலில் புள்ளி வைப்பார். திரும்பப் பூட்டும்போது புள்ளிகள் சேர்ந்தால் வால்வுகள் நேரத்துக்குத் திறக்கும். அன்று பிரித்தது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெஸ்ஸரின் மோட்டார் சைக்கிளை. வேலிக்கு வெளியே, ஜெராம் ஊரில் அவர் மனைவிக்குப் பிரசவ வலி. கம்யூனிஸ்ட் கலகக் கால ஊரடங்கு; மாலை ஆறு மணிக்கு வேலிக் கதவை மூடினால் விடியும்வரை யாரும் வெளியே போக முடியாது. உதவுவதாக நினைத்து, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுகளைப் பற்சக்கரங்களோடு சிறுமியான நான் பளபளவென்று துடைத்து வைத்திருந்தேன்.

“புள்ளி எங்கம்மா?” என்றார் அப்பா.

“அழுக்குன்னு தொடச்சிட்டேன்பா.”

அவர் ஒரு பல் தள்ளிப் பூட்டினார், உதைத்தார், இன்ஜின் இருமியது. கழற்றினார், இன்னொரு பல் தள்ளினார், மறுபடி உதைத்தார்.

“அண்ணே, நீங்க முடிக்கிறதுக்குள்ள எம்புள்ள பள்ளிக்கூடமே போயிடும் லா,” என்றார் டிரெஸ்ஸர். அப்பா மறுபடி கழற்றினார்.

பிஸ்டனை மேலே நிறுத்தி, வால்வுகளின் அசைவைப் பார்த்தே பூட்டலாம் என்று இன்று எனக்குத் தெரியும். இருபது நிமிட வேலை. புள்ளியை நம்பியே பழகிய அப்பாவுக்கு அது தெரியாது.

ஏழாவது உதையில் இன்ஜின் சீராக ஓடியது. அதற்குள் வேலிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். டிரெஸ்ஸர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கம்பிக்கு அப்பால் ஜெராம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினை அணைக்கச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை.